ஹோஓபொனோபொனோ என்றால் அந்த நாலு வாக்கியம் மட்டும்தானா?

அலையோரம் (கேள்வி):

வணக்கம். மனக்காயம் ஆற ஹவாய் மன்னிப்பு முறை என்று தமிழில் வரும் காணொளிகள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. "வருந்துகிறேன், என்னை மன்னித்துவிடு, நன்றி, உன்னை நேசிக்கிறேன்" என்ற நாலு வாக்கியத்தை 108 தடவை சொல்லு, மனம் லேசாகிவிடும் என்கிறார்கள். ஹவாய்க்காரர்கள் காலங்காலமாகச் செய்தது இதுதானா? மரபு முறை வேறு என்றால் அதன் படிகள் என்ன, எந்த இடத்தில் அது கெட்டுப்போகும்? முறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பனையோலை:

இல்லை. மரபு முறையில் அந்த நாலு வாக்கியமே கிடையாது. 108 என்பது நம் ஜபமாலைக் கணக்கு, ஹவாயில் இருந்து வந்ததல்ல. ஒருவர் தனியே உட்கார்ந்து செய்வதும் மரபில் இல்லை. ஓஹானா, அதாவது குடும்பம், முழுதாகக் கூடிப் பேசித் தீர்ப்பதுதான் ஹோஓபொனோபொனோ. 'பொனோ' என்றால் சரியான நிலை, முறை. முன்னால் வரும் 'ஹோஓ' ஒன்றைச் செய்விப்பதைக் குறிக்கும். ஆக, குலைந்ததை முறைக்குக் கொண்டுவருதல் என்று பொருள். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்து தீராமல் இழுத்தால், உறவுக்குள் எங்கோ பிழை கிடக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அந்தப் பிழையைத் தேடத்தான் கூடி உட்கார்ந்தார்கள்.

1820இல் மிஷனரிகள் வந்த பிறகு இது மெல்ல மறைந்தது. சில குடும்பங்களில் கிறித்தவ ஜெபத்தோடு கலந்து உயிர் பிழைத்தது. ஹவாய் அகராதியைத் தொகுத்தவர்களில் ஒருவரான மேரி கவேனா புக்குயி, மனநல மருத்துவர் ஒருவரோடும் சமூகப் பணியாளர்களோடும் சேர்ந்து 1972இல் 'நானா இ கே குமு' என்ற நூலில் இதன் கூறுகளை எழுதிவைத்தார். லிலியுஓகலானி அரசி பெயரிலான குழந்தைகள் நல மையம் அதை வெளியிட்டது.

இனி படிகள். 'புலே' என்ற பிரார்த்தனையோடு தொடங்கும். அடுத்து 'கூக்குலு குமுஹானா': எதற்காகக் கூடியிருக்கிறோம் என்பதை ஒரே விஷயமாகச் சொல்லி, எல்லோருடைய மனத்தையும் அதில் குவிப்பது. பிறகு அந்தப் பிழையைப் பெயர் சொல்லி எடுத்து வைக்க வேண்டும். பிழைக்கு 'ஹலா' என்று பெயர். ஹலா ஒரு கயிறு மாதிரி, செய்தவனையும் பட்டவனையும் சேர்த்தே கட்டுகிறது என்பார்கள். பிழையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது 'ஹோஓமாவுஹலா', நம் பேச்சில் வன்மம் வைத்தல். அதன்மேல் கோபமும் பதிலடியும் தவறான எண்ணமும் ஏறி வலைபோல் பின்னிக்கொள்வது 'ஹிஹியா'. தமிழில் 'சிக்கல்' என்ற சொல்லே நூலுக்கும் உறவுக்கும் பொதுவாக இருப்பதால் நமக்கு இது சட்டென்று புரியும்.

அந்தச் சிக்கலை ஒவ்வோர் இழையாகப் பிரிப்பது 'மாஹிக்கி'. வெங்காயம் உரிப்பது போல. ஒரு தோல் முழுதாக உரிந்த பிறகுதான் அடுத்தது. நேரம் முழுக்க இங்கேதான் போகும். சில குடும்பங்களுக்கு ஒரு பகல் முழுதும் பிடிக்கும், சிலருக்குப் பல அமர்வுகள். பிறகு 'மிஹி': தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும். 'கலா': இரு பக்கமும் கட்டை அவிழ்ப்பது. 'ஓக்கி': அறுத்துவிடுவது. முடிவில் மறுபடி பிரார்த்தனை, கடைசியாக 'பானி' எனும் கூட்டு உணவு. 'லிமு கலா' என்ற கடற்பாசி இந்தச் சடங்கில் பயன்பட்டதற்குக் காரணம், அதன் பெயரிலேயே அவிழ்த்தல் என்ற சொல் இருப்பதுதான்.

கூடம்:

மேலே சொன்னதில் முக்கியமான ஆள் ஒருவர் விடுபட்டிருக்கிறார்: 'ஹாக்கு', அமர்வை நடத்துபவர். குடும்பத்தில் மூத்தவராக இருக்கலாம், எல்லோரும் மதிக்கும் வெளியாளாகவும் இருக்கலாம். பிணக்கில் பங்குள்ளவராக மட்டும் இருக்கக் கூடாது. இந்த முறைக்கும் சாதாரண குடும்பப் பஞ்சாயத்துக்கும் உள்ள வேறுபாடே இவர் வைக்கும் ஒரு விதிதான். யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசக் கூடாது. சொல்வதெல்லாம் ஹாக்குவிடம், கேள்வி வருவதும் அவரிடமிருந்துதான். அண்ணன் தம்பியைப் பார்த்து "நீ அன்றைக்கு..." என்று ஆரம்பித்தால் அடுத்த நிமிடம் குரல் உயரும். அதையே மூன்றாமவரிடம் சொல்லும்போது வேகம் குறையும், தம்பிக்கும் காதில் விழும்.

சூடு ஏறினால் ஹாக்கு 'ஹோஓமாலு' அறிவிப்பார். அது மௌன இடைவேளை. கோபம் தணியவும், அவரவர் தன் பங்கை யோசிக்கவும், நீண்ட அமர்வில் சற்று ஓய்வெடுக்கவும் அது உதவும். இன்று வீட்டில் நடத்துகிறவர்கள் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். மௌனத்தால் நேரம் வீணாகிறது என்று நினைப்பதே காரணம்.

கெட்டுப்போகும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. ஒன்றைப் பேச உட்கார்ந்து பழைய கணக்கு அத்தனையும் இழுப்பது. அப்போது ஹாக்கு, "அது அடுத்த தோல், இப்போது இது மட்டும்" என்று நிறுத்த வேண்டும். இரண்டாவது, "ஏதாவது தப்பு செய்திருந்தா மன்னிச்சிடுங்க" என்பது. அதில் ஹலாவே இல்லை. எதைச் செய்தேன், யாருக்கு, அதனால் அவருக்கு என்ன ஆயிற்று, இந்த மூன்றும் வந்தால்தான் மிஹி. மூன்றாவது, ஈடு செய்யாமல் மன்னிப்பு கேட்பது. திருப்பித் தர வேண்டிய பொருள் இருந்தால் அங்கேயே தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது, எப்படி என்று அங்கேயே ஏற்பாடாக வேண்டும். புக்குயி இதைத் தனிக் கூறாகவே வைத்திருக்கிறார். நாலு வாக்கியம் சொல்லிக்கொடுப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியவையும் உண்டு. உண்மை மட்டும் பேசுவேன், பேசியதை வெளியே கொண்டுபோக மாட்டேன், ஹாக்கு நியாயமாக நடத்துவார் என்று நம்புகிறேன். இதில் ஒன்றுக்கு ஒருவர் தயங்கினாலும் அன்றைக்கு உட்காராமல் இருப்பது நல்லது.

அலையோரம்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு தெளிவு வேண்டும். அப்படியென்றால் அந்த நாலு வாக்கியம் எங்கிருந்து வந்தது? மற்றவர் வரவே மாட்டார், அல்லது இறந்துவிட்டார் என்றால் என்ன செய்வது? இன்னொன்று, அடிபட்டவர் ஏன் "என்னை மன்னித்துவிடு" என்று சொல்ல வேண்டும்? அது எனக்கு நெருடலாக இருக்கிறது.

பனையோலை:

நெருடுவது நியாயம்தான். தனியாளாகச் செய்யும் முறையை 1976இல் அமைத்தவர் மோர்னா நலமாக்கு சிமியோனா (1913–1992). ஹவாயில் மதிக்கப்பட்ட பாரம்பரிய வைத்தியர். அவருடைய முறையில் 12 படிகள். மனிதனுக்குள் உனிஹிப்பிலி, உஹானே, ஔமாக்குவா என்ற மூன்று நிலைகளை வைத்து, தன் நினைவில் சேர்ந்திருப்பதைத் தானே துடைக்கும்படி இறைமையிடம் வேண்டுவது அது. அவரிடம் கற்ற இஹலேயகலா ஹியூ லென் வழியாக 2007இல் வந்த ஒரு புத்தகம்தான் அதை நாலு வாக்கியமாகச் சுருக்கி உலகெங்கும் பரப்பியது. அந்தப் போதனையில் "மன்னித்துவிடு" என்பது உங்களைக் காயப்படுத்தியவரைப் பார்த்துச் சொல்வதே அல்ல. இறைமையைப் பார்த்துச் சொல்வது. காணொளிகளில் இந்த இடம் புரண்டுபோய், அடித்தவர் முகத்தை நினைத்துக்கொண்டு சொல்லச் சொல்கிறார்கள்.

தனியாகத்தான் செய்ய முடியும் என்றால், மரபின் வரிசையை ஒரு தாளில் வைத்துக்கொள்ளலாம். இது என் பரிந்துரை, மரபு இல்லை. ஒரு நபர், ஒரு சம்பவம், அவ்வளவுதான். முதலில் நடந்ததை இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். "அவர் எப்போதுமே" என்று தொடங்கினால் அடித்துவிட்டு, ஒரு நாளில் நடந்ததாக மாற்றி எழுதுங்கள். கீழே, அதன்மேல் நீங்கள் ஏற்றிய ஹிஹியா: பேச்சை நிறுத்தியது, மற்றவரிடம் சொன்னது, கற்பனை செய்த நோக்கம். பிறகு ஐந்து நிமிடம் எழுதாமல் சும்மா இருங்கள். அதன்பின் உங்கள் பங்கு ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் மிஹி. பங்கே இல்லை என்றால் அந்த வரி காலியாக இருக்கட்டும், இழுத்துப் பிடித்து நிரப்பாதீர்கள். கடைசியில், எதை இனி பிடித்துக்கொண்டிருக்கப் போவதில்லை என்று ஒரு வரி. மொத்தம் இருபது நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், நீட்டினால் அதே வலியை அசைபோடுவதாகிவிடும்.

தாழம்பூ:

ஒரு எச்சரிக்கை. அடி, பாலியல் கொடுமை, மிரட்டல் நடக்கும் வீட்டில் குடும்பமாக உட்கார வைப்பது ஆபத்து. பயந்தவர் உண்மை பேச மாட்டார், பேசினால் அன்றிரவு அவருக்குப் பாதுகாப்பு இல்லை. அங்கே முதல் வேலை அவரை வெளியே கொண்டுவருவதுதான். தூக்கமின்மை, உயிரை விடும் எண்ணம் இருந்தால் உடனே மனநல மருத்துவர். இந்த முறை அதற்கு மாற்றல்ல. மன்னிப்பு கேட்டும் தர மறுப்பதை ஹவாய் மரபு கடுமையாகப் பார்த்தது. உறவு முறிந்ததை 'மொக்கு கா பிக்கோ', தொப்புள்கொடி அறுந்தது, என்பார்கள். அந்தக் கடுமையைக் காட்டிப் பாதிக்கப்பட்டவரை மன்னிக்கச் சொல்லி நெருக்கக் கூடாது.

கூடம்:

தாழம்பூ சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தீர்ந்த விஷயத்தின் மேலும் ஹாக்கு ஹோஓமாலு வைப்பார். அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. தனியாகத் தாளில் செய்தவரும் முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். மறுநாள் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டாம். அதே சம்பவத்தில் எழுதாமல் விட்ட வேறொன்று மனத்தில் உறுத்தினால், அது அடுத்த தோல். வேறொரு நாளில், புதுத் தாளில்.