ஜேமிக்கு ஒரு நியாயம், பிரானுக்கு ஒரு நியாயமா?

குறுக்குத்துறை வாசகன்:
போன வாரம் பாளையங்கோட்டை வாசிப்புக் கூட்டத்துல பாதியில நின்ன சண்டையை இங்க வச்சுக்குவோம். வராதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிருதேன். ஜார்ஜ் மார்ட்டின் எழுதுன நாவல் வரிசையில முதல் புத்தகம் 1996-ல வந்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்கு அதுதான் மூலம். அதுல ஜேமி லானிஸ்டர், பிரான்னு ஏழு வயசுப் பையனைக் கோபுரத்து ஜன்னல்ல இருந்து தள்ளிவிடுதான். ஜேமி தன் கூடப்பிறந்தவளோட இருந்ததைப் பார்த்ததுதான் பையன் செஞ்ச குத்தம். அவனுக்கு இடுப்புக்குக் கீழ விளங்காமப் போச்சு. 2000-ல வந்த மூணாவது புத்தகத்துலதான் முதல் தடவையா ஜேமி மனசுக்குள்ள நம்மளை உக்கார வைக்காரு ஆசிரியர். அவன் கையை வெட்டுதாங்க. வெந்நீர்த் தொட்டியில கிடந்துக்கிட்டு, பைத்தியக்கார ராஜா ஊரையே கொளுத்தச் சொன்ன கதையையும், அதுக்காகத்தான் அவரைக் குத்துனேங்கிறதையும் சொல்லுதான். அந்த ஒரு இடத்துல முக்கால்வாசி ரசிகர்கள் கட்சி மாறிட்டாங்க. மாறுனது ஜேமியா, இல்ல நம்ம உக்காந்திருந்த இடமா?

ஆறுமுகநேரி உப்பு:
ஜேமிதான் மாறுனான், சந்தேகமே வேண்டாம் வே. ஒரு நகரத்தையே காப்பாத்திட்டு, ‘ராஜாவைக் கொன்ன துரோகி’ன்னு ஊரே காறித் துப்புனப்பவும் வாயைத் திறக்காம இருந்தவன் அவன். பிரானைத் தள்ளுனது தப்புதான், யாரு இல்லன்னா? அதுக்காகச் சாவுற வரைக்கும் அதையே சொல்லிக் குத்திக்கிட்டு இருக்கணுமா? தொடர்ல எட்டாவது சீசன்ல பிரான்கிட்டயே போயி மன்னிப்புக் கேட்டான். பிரான் கோவப்படவே இல்ல. அடிபட்டவனே விட்டுட்டான், உமக்கு என்ன வந்தது?

பாளை டீச்சர்:
அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க அண்ணாச்சி. எனக்கு யாரு மேலயும் கோவம் இல்லங்கிறான் பிரான். தான் இப்போ பழைய பிரானே இல்ல, வேற ஏதோ ஒண்ணுன்னும் சொல்லுதான். அப்போ மன்னிக்க வேண்டிய பையன் அங்க இல்லவே இல்லையே. மரம் ஏறுனவன், சுவர் ஏறுனவன், வீரனாகணும்னு ஆசைப்பட்டவன் ஜன்னலுக்குக் கீழயே முடிஞ்சு போயிட்டான். செத்த ஆள் சார்பா வேற ஒருத்தன் கையெழுத்துப் போட்ட மாதிரிதான் அந்த மன்னிப்பு.

மேலப்பாளையத்தான்:
ஜேமியை விடுங்க, அதே கதையில டிராகன் வச்சிருக்க ராணி டெனேரிஸைப் பத்திப் பேசுவோம். 2019-ல அவ நகரத்தை எரிச்சதும், ‘திடீர்னு வில்லியாக்கிட்டாங்க’ன்னு உலகமே அழுதுச்சு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதுக்கு முன்னாடி மீரீன்கிற அடிமை நகரத்துல 163 எஜமானர்களை உயிரோட மரத்துல அறைஞ்சப்போ இதே கூட்டம் விசிலடிச்சுது. 163 அடிமைப் பிள்ளைகளை அவங்க அறைஞ்சாங்க, அதுக்கு 163, கணக்குச் சரியாப் போச்சுன்னு. அப்புறம் ஹிஸ்தார்னு ஒருத்தன் அவகிட்ட வாறான். பிள்ளைகளை அறையக் கூடாதுன்னு தடுத்துப் பேசுனவர் என் அப்பா, அவரும் உங்க மரத்துலதான் தொங்குதாரு, இறக்கி அடக்கம் பண்ண அனுமதி கொடுங்கன்னு கேக்கான். எத்தனை பேருக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கு? யாரு எதுத்தா, யாரு ஆணி அடிச்சான்னு அவளும் கேக்கல, நாமளும் கேக்கல. எண்ணிக்கை போதும்னு இருந்துட்டோம்.

ஆறுமுகநேரி உப்பு:
அடிமைகளை விடுவிச்சவளையும் அடிமை வச்சிருந்தவனையும் ஒரே தராசுல நிறுத்தப் போறீகளா? நல்லாருக்கு.

மேலப்பாளையத்தான்:
ஒரே தராசுதான் வேணும்னு சொல்லுதேன். ரெண்டு தட்டுலயும் ஒரே எடை வரும்னு எப்போ சொன்னேன்?

கல்லிடை அப்பளம்:
நம்ம ஊரு கொடையில இந்தப் பிரச்சினையே கிடையாது மக்கா. சுடலைமாடன் கோயில்ல வில்லுப்பாட்டு கேட்டிருப்பீகல்லா. மலையாளத்து மந்திரவாதி காளிப்புலையனை அழிக்கப் போன சாமி அவனோட நிறுத்தல. அவன் மகள் மாவிசக்கியையும் கெடுத்து, வயித்துப் பிள்ளையோட பலி கேக்காரு. அந்தப் பிள்ளை என்ன பாவம் செஞ்சுதுன்னு யாரும் சமாதானம் சொல்லுததில்ல. சாமி முன்னாடியே, மைக் செட்டு வச்சு, விடிய விடியப் பாடுதாங்க. குடம் அடிக்கிறவர் அந்த இடத்துல அடியைக் குறைப்பாரு, பொம்பளையாட்கள் முந்தானையால கண்ணைத் துடைப்பாங்க. அது முடிஞ்சதும் சாமி வரும், குலவை போடுவாங்க, கும்பிடுவாங்க. செஞ்சதை மறைக்காமலே கும்பிட முடியுது. உங்க ரசிகர்களுக்கு மட்டும் ஒருத்தனைப் பிடிச்சுப்போச்சுன்னா உடனே அவனை நிரபராதி ஆக்கியாகணும்.

பாளை டீச்சர்:
நல்ல இடம்தான். ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. சுடலையை நாம ரசிக்கல, பயப்படுதோம். படையல் குறைஞ்சா வீட்டுக்கு என்ன வருமோன்னு பயம். பயப்படுத ஆளுக்கு வக்காலத்து வாங்கத் தேவையில்ல. ஜேமிக்கு யாரும் கிடா வெட்டுததில்லையே.

கல்லிடை அப்பளம்:
பயம் மட்டும்னா பிள்ளைக்கு சுடலைமுத்துன்னு பேரு வைப்பாங்களா டீச்சர்?

குறுக்குத்துறை வாசகன்:
திருச்செந்தூர்ல சூரனை எடுத்துக்கோங்க. கடற்கரையில தலை மாத்தி மாத்தி வந்து தோக்குததைப் பார்க்கத்தான் அவ்வளவு கூட்டம். கடைசியில மாமரமாகி, பிளந்து, மயிலும் சேவலுமா முருகன்கூடயே இருந்துக்கிடுதான். வில்லனை என்ன செய்யணும்னு யோசிச்சு வச்ச ஊரு இது. சரி, அது வேற இழை, அங்க போக வேண்டாம்.

ஆறுமுகநேரி உப்பு:
பேரு வைக்கிற பேச்சு வந்ததால கேக்கேன். ஹாரி பாட்டர் தன் மகனுக்கு ஸ்நேப் பேரை வச்சான். தனக்குத் தெரிஞ்சதுலயே பெரிய தைரியசாலி அவராத்தான் இருக்கும்னு மகன்கிட்டயே சொல்லுதான். வருஷக்கணக்கா வில்லன் பக்கத்துலயே நின்னு உளவு சொன்ன மனுஷன். கதாநாயகனே தீர்ப்புச் சொன்ன பொறவு நமக்கு என்ன பஞ்சாயத்து?

பாளை டீச்சர்:
பஞ்சாயத்து ஹாரிகூடப் படிச்ச நெவில் சார்பா. நான் வகுப்பறையிலயே காலம் தள்ளுதவ, அதனால இதை லேசா விட முடியல. மூணாவது புத்தகத்துல ஒரு பாடம் வருது. ஒவ்வொருத்தரும் எதுக்கு ரொம்பப் பயப்படுதாங்களோ அந்த உருவம் அலமாரியில இருந்து வெளிய வரும். நெவிலோட அப்பா அம்மாவைச் சித்திரவதை பண்ணிப் புத்தி பேதலிக்க வச்சவங்க இருக்காங்க. அவங்க யாரும் வரல. வந்தது அவனுக்குப் பாடம் எடுக்கிற வாத்தியார், ஸ்நேப். பதிமூணு வயசுப் பிள்ளை. ஸ்நேப் தைரியசாலிதான், அதை மறுக்கல. தைரியம் இருந்துச்சுங்கிறதுக்காகப் பிள்ளைங்ககிட்ட நடந்துக்கிட்டதைத் தள்ளுபடி பண்ண முடியாது. ஹாரி பேரு வச்சது, ஸ்நேப் காதலிச்ச தன் அம்மாவுக்காக. கடைசி அத்தியாயத்துல நெவில் அதே பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருக்கான். ஸ்நேப்போட முதல் பேரான செவரஸைச் சேர்த்து வச்ச ஹாரி மகன் ஆல்பஸ் செவரஸ், அவன்கிட்டதான் படிக்கப் போறான். வருகைப் பதிவேட்டுல அந்தப் பேரை எழுத வேண்டியது நெவில். அவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?

ஆறுமுகநேரி உப்பு:
நெவில் எப்பவோ மன்னிச்சிருப்பான் டீச்சர்.

பாளை டீச்சர்:
எந்தப் பக்கத்துல அண்ணாச்சி? புத்தகம் கையிலதான் இருக்கு, பக்க எண்ணைச் சொல்லுங்க.