நிற்கிற சந்தன மரம் மணக்குமா?

உடுமலைப் பயணி:
போன வாரம் குடும்பத்தோடு மூணாறு போனோம். சின்னாறு தாண்டி மறையூர் நெருங்கும்போது கார் கண்ணாடியை இறக்கினேன். அப்பா, என்ன வாசம்! சந்தனக் காடே மணந்தது. வீட்டுக்குப் பத்து மரம் வைத்தால் ஏழையும் கோடீஸ்வரன். அரசாங்கம் கையைக் கட்டிப் போட்டிருப்பதால்தான் கடத்தலே நடக்கிறது.

காந்தளூர்க்காரன்:
வாசமா? காரில் தொங்குகிற வாசனை டப்பாவை முதலில் பாருங்கள் அண்ணே. எனக்கு வயது 46. அந்தக் காட்டு வேலியைப் பார்க்காமல் ஒரு நாளும் பஸ் ஏறியதில்லை. நிற்கிற சந்தன மரம் மணக்காது. இலையைக் கசக்கினால் பச்சை வாடை. பட்டைக்கு அடியில் இருக்கும் வெள்ளைக் கட்டையும் மணக்காது. உள்ளே இருக்கிற சேகு, அதாவது வைரம் பாய்ந்த நடுக்கட்டை மட்டும்தான் மணக்கும், அதுவும் வெட்டினால்தான்.

உடுமலைப் பயணி:
என் மனைவிக்கும் வாசம் வந்தது. அவரும் பொய் சொல்கிறாரா?

காந்தளூர்க்காரன்:
வீட்டம்மாவை ஏன் இழுக்கிறீர்கள்? திருட வருகிறவன் மரத்தில் துளை போட்டு, சேகு இருக்கிறதா என்று பார்க்கிறான். நின்றபடியே மணந்தால் அவனுக்கு எதற்குத் துளை?

சித்தூர்த் தமிழன்:
மணம், மணம் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். எங்கள் ஆந்திராவின் சேஷாசல மலைச் செஞ்சந்தனம், அதாவது செம்மரம், வெட்டினாலும் மணக்காது. ஜப்பானில் வாத்தியம் செய்யவும் சீனாவில் மேசை நாற்காலி செய்யவும் கப்பல் ஏறுகிறது. அதற்காக 2015 ஏப்ரல் 7 அன்று தமிழ்நாட்டுக்காரர்கள் 20 பேரைப் போலீஸ் சுட்டது. மரம் வெட்டப் போனவனுக்குக் கூலி, கடத்தினவனுக்குக் கோடி. இதைப் பேச யாரும் இல்லை.

காந்தளூர்க்காரன்:
செத்தவர்கள் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் செம்மரம் வேறு இனம், சந்தனத்துக்கு ஒட்டு உறவு கூட இல்லை. இங்கே கேள்வி, நிற்கிற சந்தன மரம் மணக்குமா என்பது.

சித்தூர்த் தமிழன்:
செஞ்சந்தனம் என்று பேர் வைத்தது நான் இல்லை. உங்கள் ஊர் மரம் மட்டும்தான் மரமா?

ஓய்வு வாத்தியார்:
இரண்டு விஷயம். சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் வேரைக் கோத்து உறிஞ்சும், தனியாக வைத்தால் தேறாது. அடுத்தது, தமிழ்நாட்டில் 2002லேயே சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்து மரம் நிலத்துக்காரருக்கே என்று ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பயணி சார் பத்து மரம் வைத்தால் சேகு ஏறப் பல வருஷம். அதுவரை இராத்திரி காவலுக்கு யார் நிற்பது?

உடுமலைப் பயணி:
வாத்தியாரே, மணக்குமா மணக்காதா, அதைச் சொல்லுங்கள்.

ஓய்வு வாத்தியார்:
நான் சட்டத்தைச் சொன்னேன்.

காந்தளூர்க்காரன்:
நான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் இருந்தது, அப்பா காலத்து மரம். அதன் அடியில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்கியிருக்கிறேன். ஒரு நாளும் மணத்ததில்லை. ஒரு மழை ராத்திரி சத்தமே இல்லாமல் கைரம்பத்தால் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். விடிகாலை கதவைத் திறந்த அம்மா, "யார்டா சந்தனம் அரைக்கிறது?" என்று கேட்டாள். போய்ப் பார்த்தால், ஈர மண்ணில் மஞ்சளாய்த் தூள் கிடக்கிறது. எண்ணெய் அதிகம் என்று வேரையும் தோண்டி எடுத்திருந்தார்கள், ஆள் இறங்குகிற அளவுக்குப் பள்ளம். புகார் கொடுக்கப் போனால், நானே விற்றுவிட்டேனா என்று என்னை அரை நாள் உட்கார வைத்தார்கள்.

உடுமலைப் பயணி:
ஆக, மணந்தது! நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

காந்தளூர்க்காரன்:
மரம் போனதால் மணந்தது ஐயா! தமிழ்தானே எழுதுகிறேன்?

சித்தூர்த் தமிழன்:
சந்தனம் மிஞ்சினால் எங்கெங்கேயோ பூசிக்கொள்வானாம். அப்படி இருக்கிறது இந்தப் பேச்சு.

உடுமலைப் பயணி:
காந்தளூராருக்குக் கோபம் சந்தனத்தால் இல்லை. எங்கள் பக்கத்து வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று பேர் மாற்றி விற்கிறார்கள் என்று போன மாதம் நான் எழுதினேன். அந்தக் கடுப்பு.

காந்தளூர்க்காரன்:
பேர் மாற்றி விற்கிறவன் உங்கள் ஊர் வியாபாரி. எங்கள் வெல்லத்துக்கு 2019லேயே புவிசார் குறியீடு வந்தாயிற்று. வெல்லத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நிற்கிற மரம் மணக்காது.

கம்பத்துக்காரன்:
அண்ணே, நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். காந்தளூரில் இப்போது ரூம் என்ன வாடகை?

காந்தளூர்க்காரன்:
ரூம் கிடக்கட்டும் தம்பி. முதலில் அவரை அந்த டப்பாவைக் கழற்றிவிட்டு வரச் சொல்லு.

உடுமலைப் பயணி:
என் காரில் டப்பாவே கிடையாது.