கொல்லிமலை ஏறியவர்களுக்கு வான்தூ

*குடும்பக் குழு*

*அண்ணன் (சென்னை):* எல்லோருக்கும் வணக்கம். தங்கையும் நானும் ஜூலையில் பிரான்சு வருகிறோம். பாரிஸில் அத்தையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் முழுக்கச் சைக்கிள்தான். மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிள், அதனால் தார்ச்சாலை வேண்டும். கிராமங்கள் வழியாகப் போக வேண்டும். எங்கே போகலாம்?

*அத்தை (பாரிஸ்):* லுவார் ஆற்றங்கரைக்குப் போங்கள். நெவேர் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல் வரைக்கும் சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஷம்போர், அம்புவாஸ், வில்லாந்திரி என்று வழியெல்லாம் அரண்மனை. ஏற்றமே கிடையாது.

*தம்பி (துலூஸ்):* அண்ணா, இங்கே வா. கனால் டு மிடி கால்வாய்க் கரையில் கடல் வரை போய்விடலாம். 1666இல் வெட்டத் தொடங்கி 1681இல் முடித்தது. 240 கிமீ.

*அண்ணன் (சென்னை):* கரை முழுவதும் தார்தானா?

*தம்பி (துலூஸ்):* துலூஸிலிருந்து ஏறத்தாழ 50 கிமீ வரை நல்ல தார். அப்புறம் மண்ணும் மரவேரும்தான்.

*அண்ணன் (சென்னை):* அது எங்கள் டயருக்கு ஆகாது.

*மாமா (கார்பான்த்ரா):* இப்போதுதான் பார்த்தேன். தம்பி சொல்லும் கால்வாயில் இன்னொரு வருத்தமும் இருக்கிறது. அந்தக் கரைக்கு நிழல் தந்த பிளேன் மரங்கள் 42,000 இருந்தன. 2006இல் அவற்றில் ஒரு பூஞ்சை நோயைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து வெட்டி எரித்துக்கொண்டே இருக்கிறார்கள். வேறு வகை மரங்களை நடுகிறார்கள், ஆனால் அவை வளர்ந்து நிழல் தரக் காலமாகும். பல இடங்களில் இப்போது வெயிலில்தான் போக வேண்டும்.

*மாமா (கார்பான்த்ரா):* லுவார் நல்ல வழி. குழந்தைகளோடு வந்தால் நானே அங்கேதான் அனுப்புவேன். ஆனால் நீங்கள் இருவரும் என்ன ஏறியிருக்கிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

*தங்கை (சென்னை):* கொல்லிமலை மாமா. 70 கொண்டை ஊசி வளைவும். ஏலகிரிக்கு அடிக்கடி போவோம். மற்ற நாளெல்லாம் ஈசிஆர்தான். எனக்கு வான்தூ மலை ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

*மாமா (கார்பான்த்ரா):* அப்படியென்றால் தெற்கே, என் ஊருக்கே வாருங்கள். வான்தூ இங்கே பக்கத்தில்தான். ஒரு வாரத்தில் பிரான்சைக் குறுக்கே கடக்க நினைக்க வேண்டாம். பாதி நேரம் ரயிலிலும் பை கட்டுவதிலும் போய்விடும். ஒரே வட்டாரத்தில் தங்கி அதன் சின்னச் சாலைகளில் ஓட்டுங்கள். இந்த நாட்டின் கிராமங்களைப் பார்க்க அதுதான் வழி.

*அம்மா (புதுச்சேரி):* அண்ணா, அந்த மலை ஆபத்தில்லையே?

*மாமா (கார்பான்த்ரா):* பொறு தங்கச்சி, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

*மாமா (கார்பான்த்ரா):* அவிஞ்ஞோனிலிருந்து கார்பான்த்ராவுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது. சைக்கிளையும் ஏற்றலாம். இங்கிருந்து மஸான் வழியாக வில்-சூர்-ஓசோன் போங்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை. அந்த ஊரில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து நெஸ்க் பள்ளத்தாக்கு. டி942 என்பது சாலையின் எண். பாறையை வெட்டிப் போட்ட சாலை அது, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பாதாளம். ஆனாலும் ஏற்றம் மிக மென்மையானது, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகலாம். இதில் போனால் கடைசியில் வருவது சோ என்ற ஊர். அவசரமாக அங்கே போகிற வண்டிகளுக்கு வேறு சாலை இருப்பதால் காலை வேளையில் இதில் கார் அதிகம் வராது. 734 மீட்டர் உயரத்தில் கஸ்தெல்லாரா என்ற பார்வையிடம் வரும். எதிரே செங்குத்தான பாறைச் சுவர். அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காருங்கள், அவசரப்படாதீர்கள். வழியில் சின்னச் சுரங்கங்கள் உண்டு, பின் விளக்கு எரியட்டும். மோன்யூ வரைக்கும் கடை கிடையாது.

*தங்கை (சென்னை):* வான்தூ எப்போது மாமா?

*மாமா (கார்பான்த்ரா):* சோ ஊரில் தங்கிவிட்டு அடுத்த நாள் அங்கிருந்தே ஏறுங்கள். உச்சிக்கு மூன்று சாலைகள்: பெத்வான், மலோசேன், சோ. எல்லோரும் பேசுவது பெத்வானைப் பற்றித்தான். 21 கிமீ, கிட்டத்தட்ட 1,600 மீட்டர் ஏற்றம். முதல் சில கிலோமீட்டர் சுலபமாக இருக்கும். சான்-எஸ்தேவ் வளைவில் திரும்பியதும் காடு தொடங்கும். அங்கிருந்து 9, 10 சதவீதச் சரிவு விடவே விடாது. கொல்லிமலையில் ஒவ்வொரு வளைவிலும் கால் கொஞ்சம் இளைப்பாறும் இல்லையா, இந்தக் காட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது. சோவிலிருந்து போனால் 26 கிமீ. தூரம் கூடுதல், ஆனால் 760 மீட்டரிலேயே தொடங்குகிறீர்கள், சரிவும் மிதம். ஷாலே ரெனார் என்ற இடத்தில் பெத்வான் சாலையோடு சேரும். கடைசி 6 கிமீ இரண்டுக்கும் ஒன்றுதான்: மரமே இல்லாத வெள்ளைச் சுண்ணாம்புக்கல். உச்சி 1,910 மீட்டர்.

*தம்பி (துலூஸ்):* பந்தய வீரர் டாம் சிம்ப்சன் இறந்தது அங்கேதானே?

*மாமா (கார்பான்த்ரா):* ஆமாம். 1967 ஜூலை 13, டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில். கடும் வெயில், உடம்பில் ஆம்பெட்டமின், சாராயமும் சேர்ந்துகொண்டது. உச்சிக்குச் சற்றுக் கீழே நினைவுக்கல் இருக்கிறது. போகிறவர்கள் தண்ணீர்ப் புட்டியோ தொப்பியோ வைத்துவிட்டுப் போவார்கள். நீங்களும் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

*அம்மா (புதுச்சேரி):* இதைக் கேட்டதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

*மாமா (கார்பான்த்ரா):* தங்கச்சி, அவர்கள் பந்தயம் ஓட்டவில்லை. காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம். நான் கவனிக்கச் சொல்வது காற்றைத்தான். மிஸ்த்ரால் என்ற பலத்த வடகாற்று வீசும் நாளில் அந்தக் கடைசி 6 கிலோமீட்டரில் சைக்கிளை நிமிர்த்திப் பிடிப்பதே கஷ்டம், இறங்கும்போது இன்னும் மோசம். முந்தின இரவு வானிலை பார்க்க வேண்டும். காற்று இருந்தால் அன்றைக்கு மலை கிடையாது, வேறு சாலை. அதற்காகத்தான் சோவில் மூன்று இரவு தங்கச் சொல்கிறேன். இன்னொன்று, கார்பான்த்ராவில் 33 டிகிரி என்றால் உச்சியில் 20ஐ ஒட்டித்தான் இருக்கும். வியர்வையோடு இறங்கினால் நடுங்கும். காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயம்.

*அண்ணன் (சென்னை):* பின் சக்கரத்தில் 28 பல் போதுமா?

*மாமா (கார்பான்த்ரா):* போதாது. முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 போடு. பின்னால் பல் கூடினால் ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும். இதில் வீம்பு வேண்டாம். வெலோசியோ என்று எல்லோரும் அழைத்த பால் தெ விவி, 1853இல் இங்கே பக்கத்தில் பெர்ன்-லெ-ஃபோன்தேன் ஊரில் பிறந்தவர். பல கியர் வைத்து ஓட்டுவது பலவீனம் என்று பேசிய காலத்தில், சாதாரண ஆளும் மலை ஏற அதுதான் வேண்டும் என்று விடாமல் எழுதினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டெரேலர் கியரை 1937இல்தான் அனுமதித்தார்கள். அவர் 1930இலேயே போய்விட்டார். பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி என்பதும் அவர் சொன்னதுதான்.

*அம்மா (புதுச்சேரி):* சாப்பாடு என்றதும் கேட்கிறேன். இரண்டு பேரும் சைவம்.

*மாமா (கார்பான்த்ரா):* ஜூலையில் கவயோன் முலாம்பழம், ஆப்ரிகாட், பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாம் தாராளம். தப்பனாத் என்ற ஆலிவ் விழுதில் பெரும்பாலும் நெத்திலி அரைத்துச் சேர்ப்பார்கள், கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஃபூகாஸ் ரொட்டியில் பன்றிக்கறித் துண்டு போடுவதுண்டு, ஆலிவ் போட்டதைக் கேளுங்கள். கிராமக் கடைகள் மதியம் மூடிவிடும். பேக்கரி பல ஊர்களில் திங்கட்கிழமை கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும். தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று பலகை இருந்தால் குடிக்கக் கூடாது.

*தங்கை (சென்னை):* லாவெண்டர் பார்க்கலாமா?

*மாமா (கார்பான்த்ரா):* எந்தத் தேதி?

*தங்கை (சென்னை):* ஜூலை 7 முதல் 13 வரை அங்கே இருப்போம்.

*மாமா (கார்பான்த்ரா):* நல்ல நேரம். சோ உயரமான ஊர் என்பதால் அங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் பூக்கும். திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். சோவிலிருந்து தெற்கே டி943. முதலில் ஓர் ஏற்றம், அப்புறம் ஆப்த் வரைக்கும் நீண்ட இறக்கம். ஆப்திலிருந்து கவயோனுக்குப் பழைய ரயில் பாதையைத் தார் போட்டுச் சைக்கிள் வழியாக்கியிருக்கிறார்கள், கார் கிடையாது. நடுவில் போன் ஜூலியன் பாலம். ரோமானியர் கட்டியது, மூன்று வளைவு. 2005 வரைக்கும் அதன்மேல் கார்கள் போயின, இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கவயோனில் ரயில் ஏறினால் அவிஞ்ஞோன்.

*தம்பி (துலூஸ்):* நானும் கவயோனுக்கு வந்து சேர்ந்துகொள்கிறேன்.

*அண்ணன் (சென்னை):* சாலை விதி ஏதாவது?

*மாமா (கார்பான்த்ரா):* வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவில் சுற்றும் திசையும் மாறும். முதல் நாள் நிதானமாகப் போங்கள். பலகை ஒன்றும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை, அது சின்னச் சந்தாக இருந்தாலும். ஊருக்கு வெளியே கார் உங்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும், பெரும்பாலும் விடுகிறார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் போகலாம், பின்னால் வண்டி வந்தால் வரிசையாகிவிட வேண்டும். இருட்டினால் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை கட்டாயம். வாடகைச் சைக்கிளில் இடக்கைதான் முன் பிரேக், கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள்.

*மாமா (கார்பான்த்ரா):* மிஷ்லான் வரைபடம் ஒன்று வாங்கித் தருகிறேன். அதில் பச்சைக் கோடு ஓரமாகப் போட்ட சாலை அழகான சாலை. அதிலும் வெள்ளை நிறச் சாலையாக இருந்தால் யோசிக்காமல் திரும்பிவிடுங்கள். போனைவிட அதை நம்பித்தான் நான் ஓட்டுகிறேன்.

*அத்தை (பாரிஸ்):* சரி, லுவாருக்கு அடுத்த முறை வாருங்கள். பாரிஸிலிருந்து டிஜிவி அதிவேக ரயில் டிக்கெட் நான் போடட்டுமா?

*அண்ணன் (சென்னை):* போடுங்கள் அத்தை, 7ஆம் தேதி காலை. சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

*மாமா (கார்பான்த்ரா):* இருவரும் உயரம் எவ்வளவு என்று அனுப்புங்கள், நாளைக்கே கடையில் சொல்லி வைக்கிறேன். ஜூலையில் கடைசி நேரத்தில் கேட்டால் சரியான அளவு கிடைக்காது.

*தங்கை (சென்னை):* நான் 161, அண்ணன் 176. பெடல் நாங்கள் கொண்டு வருகிறோம் மாமா.