தராசுக்கும் நோட்டுக்கும் நடுவில் எண் தொலைகிறதே?

எடைக்காரர், கோத்தகிரி: எஸ்டேட்டில் பச்சை இலைக்கு எடை போடுகிறேன். பதினெட்டரை, இருபத்தொன்று, பதினாறே முக்கால் என்று மூன்று பேர் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு நோட்டைத் தேடுவேன். "அண்ணே, ரெண்டு மணி பஸ் போயிடுச்சா?" என்று யாராவது கேட்டால் மூன்றும் போச்சு. மலையேறும் பனியை வேடிக்கை பார்த்தால் மட்டும் போவதில்லை. வயசு 41தான். வியாதியா?

குன்னூர் டீச்சர்: இதை மட்டும் வைத்து வியாதி என்று சொல்ல முடியாது அண்ணா. 1974இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற உளவியலாளர்கள் சொன்ன செயல்நினைவு, அதாவது வேலை முடியும்வரை மனசில் பிடித்துவைக்கும் நினைவு, இதுதான். எண்ணை மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தக்கவைப்பது ஒலிச்சுற்று. சொல்வதை நிறுத்தினால் இரண்டு நொடி போலத்தான் தங்கும். பஸ் கேள்வியும் பேச்சுதானே, அதே சுற்றில் புகுந்துவிடுகிறது. பனி காட்சி, அதற்குத் தனிப் பலகை. இரண்டையும் மேய்க்க மைய நிர்வாகி என்று ஒன்று.

ஊட்டி வாசி: ஒரே நேரத்தில் ஏழு விஷயம் வரை மனசில் நிற்கும் என்பார்களே?

குன்னூர் டீச்சர்: 1956இல் ஜார்ஜ் மில்லர் சொன்னது. 2001இல் நெல்சன் கோவன் நாலு துண்டு, அதாவது சேர்த்து ஒன்றாக நினைவில் வைக்கும் தொகுதி, அளவுதான் என்றார். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

எடைக்காரர்: சரிம்மா. நாளையிலிருந்து பென்சில் காதில்தான். பஸ் போய்விட்டது என்று அவரிடமும் சொல்லணும்.