நரிக்கண்டல் பட்டையை இருமலுக்குக் கஷாயம் வைக்கலாமா? அதுவும் ப்ரிம்ரோஸ் குடும்பம்தானே?

தொண்டிக்கரை:
வளைகுடா நாட்டிலிருந்து வந்த ஒரு இருமல் சிரப்பில் தைம் என்ற மூலிகையும் ப்ரிம்ரோஸ் வேரும் சேர்ந்திருப்பதாகப் போட்டிருக்கிறது. மண்டபம் பக்கத் தீவுகளில் நிற்கும் நரிக்கண்டல் என்ற அலையாத்தி மரமும், நாட்டு மருந்துக் கடை வாய்விடங்கமும் இப்போது அதே குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அப்படியானால் நரிக்கண்டல் பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் அதே வேலை நடக்குமா? மெடிக்கலில் விற்கிற ப்ரிம்ரோஸ் எண்ணெய்க் கேப்சூலும் இதே செடியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுரைக்குழாய்:
வேண்டாம் அண்ணே. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சிரப்பில் இருப்பது ஐரோப்பாவில் விளையும் ப்ரிமுலா வெரிஸ் வேர். அதில் வேலை செய்வது ட்ரைடெர்பீன் சப்போனின்கள், அதாவது சோப்பு போல நுரைக்கும் பொருள்கள். இரைப்பைச் சுவரை லேசாக உறுத்தும், அந்த உறுத்தல் வேகஸ் நரம்பு வழியாகப் போய் மூச்சுக்குழாயில் நீர் சுரக்க வைக்கும், கோழை இளகும். ஐரோப்பிய அளவு ஒரு வேளைக்கு 0.2 முதல் 0.5 கிராம் வேர், 150 மில்லி தண்ணீரில் காய்ச்சியது. ஒரு நாளைக்கு 1.5 கிராமைத் தாண்டக்கூடாது. அளவு கூடினால் கோழை இளகுவதற்குப் பதில் குமட்டலும் வாந்தியும்தான் வரும். குடல்புண் உள்ளவர்களுக்கு இந்த வேர் ஆகாது.

அதே வேரில் ப்ரிமுலாவெரின் என்ற கிளைக்கோசைடும் (சர்க்கரையோடு பிணைந்த பொருள்) உண்டு. வேரை உலர்த்தும்போது அதன் நொதி இதை உடைத்து, மெத்தில் சாலிசிலேட் வகை மணப்பொருளை விடுவிக்கிறது. காய்ந்த வேரில் தைல வாடை அடிப்பது அதனால்தான். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

நரிக்கண்டல் (ஏஜிசெராஸ் கார்னிகுலேட்டம்) பட்டையிலும் விதையிலும் சப்போனின் இருக்கிறது. ஆனால் மூலக்கூறு வேறு, செறிவு வேறு, மனிதருக்கான அளவை யாரும் வகுத்து வைக்கவில்லை. மீனை மயக்கப் பயன்பட்ட பட்டை அது. நுரை பார்த்து இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டினால், பூவந்திக்கொட்டைத் தண்ணீரையும் இருமலுக்குக் குடிக்க வேண்டியிருக்கும்.

நுரையின் வலுவை அளந்து பார்க்க விரும்பினால்: 1 கிராம் பொடியை 100 மில்லி கொதிநீரில் அரை மணி நேரம் மிதமாகக் கொதிக்க விட்டு, வடிகட்டி, மறுபடியும் 100 மில்லி ஆக்குங்கள். பத்து சோதனைக் குழாய்களில் 1, 2, 3 என 10 மில்லி வரை ஊற்றி, எல்லாவற்றையும் 10 மில்லியாக நிரப்புங்கள். நொடிக்கு இரண்டு குலுக்கு வீதம் 15 நொடி நீளவாக்கில் குலுக்கி, 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். எந்தக் குழாயில் நுரை 1 சென்டிமீட்டர் நிற்கிறதோ, அதில் ஊற்றிய மில்லியால் 1000-ஐ வகுத்தால் நுரைக் குறியெண் வரும். போர் தண்ணீர் வேண்டாம், வாலை நீர் (டிஸ்டில்ட் வாட்டர்) எடுங்கள். ஆனால் இந்த எண் நுரையின் வலுவைத்தான் காட்டும், விஷமா மருந்தா என்று காட்டாது.

வேர்க்கடை:
வாய்விடங்கத்தில் கதையே வேறு. அதன் சரக்கு எம்பெலின். அது பென்சோகுவினோன் வகை, அதாவது ஒரு கார்பன் வளையமும் அதில் தொங்கும் கார்பன் வாலும் கொண்ட பொருள். இந்தக் குடும்பத்தின் முத்திரை என்றே அதைச் சொல்லலாம். ப்ரிமுலா ஒப்கோனிகா செடியின் இலைமயிரில் உள்ள ப்ரிமினும் அதே வளையம்தான், வால் 5 கார்பன், எம்பெலினில் 11, நரிக்கண்டல் பட்டையில் கிடைக்கும் ராபனோனில் 13. ப்ரிமின் தோலில் பட்டால் ஒவ்வாமைக் கொப்புளம் வரும். ஒரு காலத்தில் வீட்டுத் தொட்டிகளில் அந்தச் செடியை வளர்த்தவர்கள் கை வெந்து அவதிப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

கடையில் வாங்கும்போது சோதிக்க: பொடியை ஈதரில் குலுக்கி வடித்து, வடிநீரில் நீர்த்த அம்மோனியா சில துளி விடுங்கள். நீலம் கலந்த ஊதா வீழ்படிவு வந்தால் எம்பெலின் இருக்கிறது. ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: கலப்படமாக வரும் மிர்சின் ஆப்பிரிக்கானா பழத்திலும் எம்பெலின் இருப்பதால் அதுவும் நிறம் காட்டிவிடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், பழத்தையும் பிளந்து உள்ளே பாருங்கள், ஒரே ஒரு விதைதான் இருக்க வேண்டும். நிறைய பொடி விதை உதிர்ந்தால் அது மேசா என்ற வேறு செடி. மிர்சின் பழத்திலும் ஒரு விதைதான் என்பதால், அதை இந்தச் சோதனை பிரித்துக் காட்டாது.

குடற்புழுவுக்கு ஆயுர்வேத மருந்தியல் நூல் கூறும் அளவு 5 முதல் 10 கிராம் பொடி. விலங்கு ஆய்வுகளில் கருத்தடை விளைவு தெரிந்திருப்பதால், கர்ப்பிணிகளுக்கும் குழந்தைக்கு முயல்பவர்களுக்கும் கொடுப்பதில்லை. வைத்தியரைக் கேட்காமல் நாள் கணக்காகச் சாப்பிட வேண்டாம்.

இறால்குட்டை:
சப்போனின் என்ன செய்யும் என்பதை எங்கள் குட்டையில் கண்ணாலேயே பார்க்கலாம். குஞ்சு விடுமுன் கொடுவா, திலாப்பியாவை ஒழிக்கத் தேயிலைக்கொட்டைப் புண்ணாக்கு போடுகிறோம். அதிலுள்ள சப்போனின் மீனின் செவுள் வழியே ஏறி, சிவப்பணுச் சுவரிலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்து அணுவை உடைத்துவிடும். இறால் ரத்தத்தில் சிவப்பணுவே கிடையாது, ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின் என்ற நிறமிதான், அதனால் தாங்கும். தண்ணீரில் உப்பு ஆயிரத்துக்கு 15 பங்குக்கு மேல் இருந்தால் கன மீட்டருக்கு 12 கிராம் புண்ணாக்கு, குறைந்தால் 20 கிராம். ஒரு ஏக்கர், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 12 கிராம் கணக்கில் சுமார் 48 கிலோ. ராத்திரி ஊறப்போட்டு, வெயில் ஏறினதும் இறைக்கணும். குளிர்ந்த நேரத்தில் போட்டால் பாதி மீன் பிழைத்துக்கொள்ளும்.

இதற்குப் பதிலாக நரிக்கண்டல் பட்டையை உரிக்க நினைப்பவர்களுக்கு: மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கிளையை ஒடித்தாலே வழக்கு. உப்பங்கழியில் பட்டையைக் கரைத்து மீன் பிடிப்பதையும் 1897 மீன்வளச் சட்டம் தடுக்கிறது.

தொண்டிக்கரை:
தெளிவாகிவிட்டது. கேப்சூல் விஷயம்?

நுரைக்குழாய்:
பேர் மட்டும்தான் ஒன்று. அது ஈனோத்தெரா, வட அமெரிக்கச் செடி. நம் கண்மாய்க் கரையில் மஞ்சள் பூ பூக்கும் நீர்க்கிராம்புக்குத்தான் சொந்தம். எண்ணெயில் லினோலெயிக் அமிலம் எழுபது சதவீதம், காமா லினோலெனிக் 8 முதல் 10 சதவீதம். சப்போனின் கிடையாது, எனவே கோழைக்கும் சம்பந்தமில்லை. எக்சிமா என்ற தோல் அரிப்புக்கும் பெண்களின் மார்பக வலிக்கும் விற்றார்கள்; பலன் நிரூபணமாகவில்லை என்று பிரிட்டன் 2002-இல் மருந்து உரிமத்தைத் திரும்பப் பெற்றது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நம் ஊர் வெக்கையில் இந்த எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். பாட்டிலைத் திறந்ததும் பழைய பெயின்ட் வாடை அடித்தால், காலாவதித் தேதி பாக்கி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள்.