லிஃப்ட் உள்பக்கத்தை மாத்தறாங்களா? அதுல போறவங்க அனுபவத்தை இங்க சொல்லுங்க

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து வீல்சேர்தான், நாங்க இருக்கறது நாலாவது மாடி, லிஃப்ட் இல்லாம எதுவும் நடக்காது. உள்ள டேப் வச்சு அளந்தேன், 1100 மில்லிமீட்டர் அகலம், 1400 ஆழம். சேர் தாராளமா உள்ள போயிடும் ஆனா திருப்ப முடியாது, முழுசா திரும்பணும்னா 1500க்கு 1500 வேணும், அதனால வெளிய வரும்போது பின்பக்கமாவேதான் வரணும். பின்சுவர்ல கண்ணாடி வைக்கறது இதுக்குத்தான், நிறைய பேர் தலை சீவறதுக்குன்னு நினைச்சுட்டு இருக்காங்க. உக்காந்திருக்கறவங்க கழுத்தை திருப்பாமலே கதவு முழுசா திறந்துச்சா, வெளிய குழந்தைங்க யாராச்சும் நிக்குதான்னு அதுல பாத்துக்கலாம்.

போன வருஷம் அசோசியேஷன்ல கண்ணாடிய எடுத்துட்டு மர டிசைன் லேமினேட் ஒட்டிட்டாங்க, கைப்பிடி கம்பியும் போச்சு. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மா இப்பல்லாம் கதவு திறந்ததும் சேர் கைய இறுக்கி புடிச்சுக்கிட்டு "பின்னாடி யாரும் இருக்காங்களாடா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்க, எனக்கு அதை கேக்கவே முடியல. வேற எங்கயாவது பேசி திரும்ப வைக்க வச்சிருக்கீங்களா?

---

எனக்கு பார்வை கிடையாது சார். எங்க ஆபீஸ்ல பட்டனை எடுத்துட்டு வழவழன்னு டச் பேனல் போட்டுட்டாங்க. நான் மாடி நம்பரை விரலால தடவித்தான் தேடணும், தடவினாலே அது அமுங்கிடுது, ஏழாவது மாடி போறதுக்குள்ள எல்லா மாடியிலயும் நிக்குது, கூட வர்றவங்க உச்சு கொட்டறாங்க. மாடி சொல்ற குரலையும் சத்தமா இருக்குன்னு ஆஃப் பண்ணிட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை சொல்லி மெயில் போட்டேன், குரல் மட்டும் திரும்ப வந்துச்சு, பிரெயிலோட புடைப்பு பட்டனுக்கு இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

---

நான் லிஃப்ட் சர்வீஸ்ல இருக்கேன். அண்ணா, கண்ணாடி உடைஞ்சிடும்னு அசோசியேஷன்ல சொன்னாங்கன்னா மிரர் ஃபினிஷ் ஸ்டீல் ஷீட் கேளுங்க, உடையாது, அம்மாவுக்கும் தெளிவா தெரியும். கம்பியை தரையில இருந்து 900 மில்லி உயரத்துல போடச் சொல்லுங்க. கதவு எவ்ளோ நேரம் திறந்திருக்கணும்ங்கறது கன்ட்ரோலர்ல ஒரு செட்டிங்தான், அடுத்த சர்வீஸுக்கு வர்ற பையன்கிட்ட சொன்னா நின்ன இடத்துல கூட்டி வச்சுடுவான். தரைக்கு மட்டும் கிரானைட் போட விடாதீங்க, கேபின் கனம் கூடினா கவுன்டர்வெயிட் (கேபினுக்கு எதிர்ப்பக்கம் தொங்கற எடை) கணக்கு மாறிடும், ஈரக்கால் வச்சா வழுக்கவும் செய்யும்.