பாட்டி காலத்து பச்சப்புள்ள வளர்ப்பு நோட்டீஸ் யாருகிட்டயாவது இருக்கா?

குரூப்ல உள்ள அண்ணன், அக்கா, பெரியம்மாமாருக்கெல்லாம் வணக்கம், யாங்கோன்ல இருந்து எழுதுறேன். நம்ம ரங்கூன் தமிழ் வீடுகள்ல 1910லேருந்து 1940 வரைக்கும் கைக்குழந்தைக்கு என்ன குடுத்தாங்க, எப்படி வளத்தாங்கன்னு தேடிக்கிட்டு இருக்கேன்.

டாக்டருங்க சொன்னது ஓரளவு கெடச்சிருச்சு. நியூசிலாந்துல 1907ல பிளங்கெட் சங்கம்ங்கிற தாய்-சேய் நலச் சங்கத்த ஆரம்பிச்ச டாக்டர் ட்ரூபி கிங், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவதான் பால், ராத்திரி அழுதாலும் குடுக்காதேன்னு சொல்லியிருக்காரு (எந்த ஆச்சி இத கேட்டிருப்பாங்க!). ஆனா நீள ரப்பர் குழா வச்ச பாட்டில் வேணாம்னு சொன்னாங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு சரி, குழாக்குள்ள பிரஷ் ஒழுங்கா போகாது, பழைய பால் ஒட்டிக்கிட்டு கிருமி வளரும், பிரான்ஸ்ல 1910ல சட்டம் போட்டே நிறுத்திட்டாங்க. நம்ம பாலாடைன்னா (புள்ளைக்கு பால் புகட்டுற மூக்கு வச்ச சின்ன கிண்ணம்) சுடுதண்ணில ஒரு அலசு, முடிஞ்சுது. எங்க வீட்ல ஒரு வெள்ளி பாலாடை இன்னும் இருக்கு, மூக்குப் பக்கம் நசுங்கி, அடியில கறுத்துப் போயி.

கொழுப்பு எடுத்த டப்பா பால குடுத்து வளத்த புள்ளைங்களுக்கு வைட்டமின் ஏ, டி பத்தாம கண்ணு, எலும்பெல்லாம் கெட்டுப்போனதும் அந்தக் காலத்துலதான்.

எனக்கு வேண்டியது தமிழ்ல அச்சடிச்ச பழைய நோட்டீஸ், பால் டப்பா விளம்பரம், ஆஸ்பத்திரி அட்டை, எதுவானாலும் சரி. மௌல்மீன், தாட்டோன், பெகு பக்கம் உள்ளவங்க பரண்ல கொஞ்சம் பாருங்களேன், கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல, போட்டோ எடுத்து போடுங்க. வீட்ல வயசான ஆச்சி இருந்தா சங்குல குடுத்தாங்களா பாட்டில்லயான்னு கேட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாலும் போதும்.